பொம்மை டாங்கியும் மணல் மூட்டையும்

பிளாஸ்டிக் டாங்கி மாடல் ஒன்று பெட்டியோடு ஒரு சிறுவன் கையில் கிடைத்தால், அவன் செய்கிற முதல் காரியம் துண்டுகளை அவசர அவசரமாக ஒட்டி முடித்துத் தரையில் ஓட்டிப் பார்ப்பது. அதே பெட்டி நாற்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் கையில் கிடைத்தால், அவர் செய்கிற முதல் காரியம் அதில் என்னென்ன தவறு என்று தேடுவது. பழைய யுத்தப் புகைப்படங்களை மேஜைமேல் பரப்பிக்கொள்கிறார். மூக்குக் கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்க்கிறார். மூடியின் கைப்பிடி தடிமனாக இருக்கிறது. அதைச் சீவி எறிந்துவிட்டு மெல்லிய கம்பியை வளைத்துப் பதிக்கிறார். மண்வெட்டியும் கோடரியும் டாங்கியின் உடம்போடு ஒட்டினாற்போல் வார்க்கப்பட்டிருக்கின்றன; அவற்றையும் செதுக்கி எடுத்துவிட்டுத் தனியாகச் செய்து, பித்தளைத் தகட்டில் கடுகளவு கொக்கி வெட்டி மாட்டுகிறார். மாதம் இரண்டு ஆகிறது, மூன்று ஆகிறது. காசு கொடுத்து வாங்கிய சாமானை எதற்காக இப்படி வெட்டி எறிய வேண்டும் என்று வீட்டார் கேட்டால், கேட்பது நியாயந்தான்.

அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் புகுந்தால், அது நம்மை இரண்டாம் உலக யுத்தத்தின் ஒரு மூலைக்குக் கொண்டுபோய் விடுகிறது. தளபதிகளும் மந்திரிகளும் எழுதிய பெரிய புஸ்தகங்களில் அந்த மூலைக்கு அதிக இடம் கிடையாது. ஆகவேதான் அதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் பொம்மையின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். டாங்கி மாடல் செய்கிறவர்களிடையே மிகப் பிரபலமான அளவு முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அதாவது, நிஜ டாங்கியின் முப்பத்தைந்து அங்குலம் மாடலில் ஓர் அங்குலம். கணக்கு வசதிக்காக ஐம்பது என்றோ நூறு என்றோ வைத்துக்கொள்ளாமல், முப்பத்தைந்து என்ற இந்த விசித்திர எண் எங்கிருந்து வந்தது?

ஜப்பானில் ஷிஜுவோகா என்று ஓர் ஊர். 1945 ஜூன் மாதத்தில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு எரித்த ஊர்களில் அதுவும் ஒன்று. மறு வருஷம், 1946-ல், தமியா என்ற குடும்பத்தார் அங்கே மர வியாபாரம் தொடங்கினார்கள். மரத்திலிருந்து மர மாடல்கள் வந்தன. பிறகு வெளிநாட்டுப் பிளாஸ்டிக் மாடல்கள் ஜப்பானியக் கடைகளுக்கு வந்து சேர, மரத்தின் வாழ்வு முடிந்தது. தமியாவும் 1960-ல் பிளாஸ்டிக்கில் இறங்கி 'யமாட்டோ' யுத்தக் கப்பலைச் செய்து விற்றுப் பார்த்தார்கள். இன்னொரு கம்பெனி அதே கப்பலை மலிவாக விற்றதால் இவர்கள் சரக்கு தேங்கிப் போயிற்று. அடுத்தபடியாக அவர்கள் எடுத்துக்கொண்டது ஜெர்மானியரின் 'பாந்தர்' டாங்கி. அது ஓட வேண்டும் என்பது திட்டம். ஓடுவதானால் உள்ளே ஒரு சின்ன மோட்டாரும் இரண்டு பாட்டரிகளும் இருக்க வேண்டும். அவை அடங்குகிற அளவுக்கு உடம்பைச் செய்தார்கள். பாந்தர் அமோகமாக விற்றது. வேறு டாங்கிகளையும் இதே அளவில் செய்யலாம் என்று எண்ணியபோதுதான், குடும்பத்தின் மூத்த மகனான சுன்ஸாகு தமியா பாந்தரை அளந்து பார்த்தார். நிஜத்தில் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்று கணக்கு வந்தது. இரண்டு பாட்டரிகளின் பருமன் உலகத்துக்கெல்லாம் ஓர் அளவுகோலாகிவிட்டது!

இந்த மனிதர் பிற்பாடு அமெரிக்காவில் அபர்தீன் பரிசோதனை மைதானத்துக்கும், இங்கிலாந்தில் பாவிங்டன் டாங்கிக் காட்சிசாலைக்கும் போய், யுத்தத்தில் பிடிபட்ட டாங்கிகளை நூற்றுக்கணக்கில் புகைப்படம் எடுத்துக்கொண்டு வந்தார். பொம்மை வியாபாரிக்கு அது அநாவசியச் சிரமம் என்று அன்றைக்குப் பலரும் சொல்லியிருக்கக்கூடும். அவர் 2025-ல் தமது தொண்ணூறாவது வயதில் காலமானபோது, அவர் கம்பெனி செய்த டாங்கிகள் உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் அலமாரிகளில் நின்றுகொண்டிருந்தன.

ஆனால் பிறப்பின் அடையாளம் அவ்வளவு சுலபமாக மறைகிறதில்லை. பழைய மாடல்கள் பலவற்றைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிவயிற்றில் துவாரங்கள் தென்படும். மோட்டாரின் ஸ்விட்சுக்காக விட்டவை. நிஜ டாங்கியில் அந்த இடம் கெட்டி இரும்பு. மாடலைத் திருத்துகிறவர் பெரும்பாலும் முதலில் கை வைப்பது இந்தத் துவாரங்களில்தான். பிளாஸ்டிக் தகட்டை வெட்டிப் பொருத்தி, பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து அடைத்துவிடுகிறார். அலமாரியில் வைத்த பிறகு அடிவயிற்றை யாரும் பார்க்கப் போகிறதில்லை. இருந்தாலும் அடைக்கிறார். அந்தத் துவாரம் அடைபடுகிற நிமிஷத்தில் ஓடுகிற பொம்மை மறைந்து, நடந்த ஒரு காரியத்தைப் பற்றிய சாட்சி உண்டாகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

துவாரத்துக்கு அப்புறம் கணக்கு. பிளாஸ்டிக்கை உருக்கி இரும்பு அச்சுக்குள் செலுத்தி வார்க்கிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மிகவும் மெல்லியதாக வார்ப்பது கஷ்டம். மாடலில் ஒரு மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் முப்பத்தைந்து மில்லிமீட்டர். ஜெர்மானியர்கள் 1943-ல் தங்கள் நான்காம் வகை டாங்கியின் பக்கவாட்டில், ரஷ்யர்களின் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகளுக்குப் பயந்து, பாவாடை கட்டினாற்போல் இரும்புத் தகடுகளைத் தொங்கவிட்டார்கள். அவற்றின் கனம் ஐந்து மில்லிமீட்டர். முப்பத்தைந்தால் வகுத்தால் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு, காகிதக் கனம். பெட்டியில் வருகிற பாவாடையோ கோட்டை மதில் மாதிரி இருக்கும். அதனால் அதை ஒதுக்கிவிட்டு மெல்லிய உலோகத் தகட்டில் வெட்டிக்கொள்கிறார்கள். தகடென்றால் வளைக்கலாம், நசுக்கலாம், ஓரத்தைக் கிழிக்கலாம். யுத்தத்தில் அந்தப் பாவாடைகள் மரத்தில் மோதி நசுங்கியும் பாதி கழன்று தொங்கியும் இருந்ததைப் புகைப்படங்களில் காணலாம். ரேடியோக் கம்பம் வேண்டுமானால் துண்டுகளைத் தாங்கி வருகிற பிளாஸ்டிக் காம்பை மெழுகுவர்த்திச் சுடரின்மேல் காட்டி இளக்கி, இரு கையாலும் இழுக்கிறார்கள். தலைமயிர் போல நூல் வருகிறது. நம் ஊர்த் தட்டார் தங்கக் கம்பி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த லாகவம் விளங்கும்.

இவ்வளவும் கைத்திறனைச் சேர்ந்தது. இதற்கு மேல் ஒரு படி இருக்கிறது. எந்தப் பகுதியைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த டாங்கி ஒன்று. ஆறு மாதம் யுத்த களத்தில் திரிந்த டாங்கி முற்றிலும் வேறொன்று. இந்த வித்தியாசத்தைப் படிக்க 'ஷெர்மன்' டாங்கியைப் போல் உதவுவது வேறில்லை.

ஷெர்மன், அமெரிக்கர்களின் டாங்கி. 1942-லிருந்து 1945 வரையில் நாற்பத்தொன்பதாயிரத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். கார் செய்கிற கம்பெனிகளும் ரயில் என்ஜின் செய்கிற கம்பெனிகளும் சேர்ந்து செய்தன. முப்பது டன் எடை. உள்ளே ஐந்து பேர். மாடலில் அதன் நீளம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு, பதினேழு சென்டிமீட்டர். அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து சென்டிமீட்டர் உயரம்.

ஷெர்மனின் ஆரம்ப நாட்களில் ஒரு பெரிய குறை தெரிய வந்தது. பீரங்கிக் குண்டுகளை அதன் பக்கவாட்டுச் சுவர்களை ஒட்டி அடுக்கியிருந்தார்கள். எதிரியின் குண்டு அந்தச் சுவரைத் துளைத்தால் உள்ளே அடுக்கியிருந்தவை பற்றிக்கொள்ளும். ஐந்து பேர் வெளியே குதிக்க அதிக நேரம் கிடைக்காது. 1943-ல் ஒரு பரிகாரம் செய்தார்கள். குண்டுகள் இருக்கிற இடத்துக்கு நேரே, வெளிப்புறத்தில், ஓர் அங்குலக் கனமுள்ள இரும்புத் தகடுகளைப் பற்றவைத்தார்கள். வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. பிறகு 1944-ல் குண்டுகளையே தரைக்கு இறக்கி, சுற்றிலும் தண்ணீர் நிரம்பிய பெட்டிகளை வைத்து வேறு மாதிரி அமைத்தார்கள். தீப்பிடிப்பது வெகுவாகக் குறைந்தது.

மாடல் செய்கிறவர் இந்த மூன்று தகடுகளை அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டுகிறார். சுற்றிலும் பட்டியை நூல் போலத் திரித்து வைத்துக் கத்தி நுனியால் அழுத்தி, பற்றவைத்த தழும்பை உண்டாக்குகிறார். பார்க்கிறவர்களுக்கு மூன்று சதுரங்கள். விஷயம் தெரிந்தவருக்கு அது ஒரு மரண விசாரணையின் தீர்ப்பு. எத்தனை டாங்கிகள் எரிந்த பிறகு அந்தச் சதுரங்கள் வந்திருக்க வேண்டும்!

தகடு வைத்தது சர்க்கார். சிப்பாய்கள் தாங்களாகச் செய்துகொண்டவை இன்னும் சுவாரஸ்யமானவை.

1944 ஜூன் 6-ந் தேதி நேசப் படைகள் பிரான்சில் நார்மண்டிக் கரையில் இறங்கின. கரையைத் தாண்டி உள்ளே போனால் சின்னச் சின்ன வயல்கள். ஒவ்வொன்றையும் சுற்றி வேலி. கொங்கு நாட்டுக் கிளுவை வேலியைப் பார்த்தவர்கள் அதைப் பல மடங்கு பெரிதாக்கி எண்ணிக்கொள்ள வேண்டும். ஆளுயர மண்கரை, அதன்மேல் நூற்றாண்டுகளாக மரமும் செடியும் வேர் பின்னிக்கொண்டு வளர்ந்திருக்கும். டாங்கி அதன்மேல் ஏறினால் அதன் பீரங்கி ஆகாயத்தைப் பார்க்கும். மெல்லிய அடிவயிறு எதிரிக்கு நேரே தெரியும். வேலிக்கு அப்பால் காத்திருக்கிற ஜெர்மானியனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு நாள் இதைப் பற்றிச் சிப்பாய்கள் பேசிக்கொண்டிருந்தபோது, டாங்கியின் முன்னால் ரம்பப் பல் மாதிரி எதையாவது வைத்து வேலியை அறுத்தால் என்ன என்று டென்னஸிக்காரர் ஒருவர் சொன்னாராம். மற்றவர்கள் சிரித்தார்கள். கர்ட்டிஸ் கலின் என்ற சார்ஜண்டு சிரிக்கவில்லை. அவர் அதைச் செய்து பார்த்தார். கடற்கரையில் நேசப் படைகள் இறங்காதிருக்க ஜெர்மானியர்கள் நட்டு வைத்திருந்த இரும்புத் தடைகளையே அறுத்து, பற்களாக்கி, டாங்கியின் மூக்கில் பற்றவைத்தார்கள். டாங்கி மேலே ஏறாமல் மண்கரையில் குத்திப் பெயர்த்துக்கொண்டு மறுபுறம் வந்தது. ஜூலை 14-ந் தேதி ஜெனரல் பிராட்லி இதை நேரில் பார்த்தார். பதினோரு நாளில் பெருந்தாக்குதல் தொடங்குவதற்குள் ஐந்நூறு டாங்கிகளுக்கு மேல் அந்தப் பற்கள் முளைத்துவிட்டன. கலின் அந்த வருஷக் கடைசியில் ஹூர்ட்கன் காட்டில் கண்ணிவெடியில் ஒரு காலை இழந்தார்.

மாடலில் அந்தப் பற்களைச் செய்கிறவர் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அவை ஒரே சீராக இருக்கக் கூடாது. அறுத்த விளிம்பு பிசிறு பிசிறாக இருக்க வேண்டும். பற்றவைத்த தழும்பு கோணலாக ஓட வேண்டும். அவசரத்தில் ராப்பகலாகச் செய்த வேலை அது. நேர்த்தியாகச் செய்தால் பொய்யாகிவிடும்.

அப்புறம் மணல் மூட்டை. ஜெர்மானியர்கள் யுத்தத்தின் கடைசி வருஷங்களில் 'பான்ஸர்ஃபாஸ்ட்' என்ற ஆயுதத்தை ஏராளமாகச் செய்தார்கள். ஒரு குழாய், அதன் நுனியில் ஒரு வெடி. கிழவரும் பையனும் கூடத் தூக்கிச் சுடலாம். அது இரண்டு கைவிரல் நீளத்துக்கு மேற்பட்ட இரும்பையே துளைக்கும். ஷெர்மனின் முன்சுவர் இரண்டு அங்குலமும் அதற்குக் கொஞ்சம் கூடவுந்தான். இதைக் கண்ட சிப்பாய்கள் மணல் மூட்டைகளை டாங்கியின் முன்னும் பக்கவாட்டிலும் அடுக்கினார்கள். மூட்டை கிடைக்காதவர்கள் மரக்கட்டையை வெட்டிக் கட்டினார்கள். சிமெண்டைக் குழைத்து அப்பினார்கள். கழற்றிப் போட்ட சங்கிலிப் பட்டையின் துண்டுகளை வரிசையாக ஒட்டினார்கள். அமெரிக்க ஏழாம் படையில் இதை ஒரு முறையாகவே வைத்து, இரும்புச் சட்டம் பற்றவைத்து அதற்குள் மூட்டைகளை நிரப்பினார்கள். வீடு மாறுகிற குடும்பத்தின் வண்டி மாதிரி இருக்கிறது, புகைப்படத்தில் பார்த்தால்.

நிபுணர்கள் பரிசோதித்தார்கள். மணல் மூட்டையால் பெரிய பிரயோஜனம் இல்லை என்று அபிப்பிராயம் சொன்னார்கள். பாரம் கூடி என்ஜினும் வில்களும் கெடுகின்றன என்றார்கள். மூன்றாம் படையின் தளபதி பாட்டனுக்கு மூட்டைகளைக் கண்டாலே ஆகாது, கூடாதென்று தடுத்துவிட்டார். தடுத்ததோடு நிற்காமல், 1945-ன் ஆரம்பத்தில், நாசமாகிக் கிடந்த டாங்கிகளிலிருந்து இரும்புத் தகடுகளை அறுத்தெடுத்துத் தம்முடைய டாங்கிகளின்மேல் பற்றவைக்க ஏற்பாடு செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

நிபுணர் சொன்னதில் தவறில்லை. ஆனால் நிபுணர் டாங்கிக்கு வெளியே நின்று சொன்னார். உள்ளே உட்கார்ந்திருந்தவனுக்கு அடுத்த வேலிக்குப் பின்னால் யார் இருக்கிறான் என்பது தெரியாது. அந்த மூட்டையைத் தைத்து, மண்ணை வாரிக் கொட்டி, தூக்கி வைத்த ஒரு மணி நேரம் அவன் தன் உயிருக்காகத் தானே ஏதோ செய்துகொண்ட ஒரு மணி நேரம். வீட்டு வாசலில் படிகாரம் கட்டித் தொங்கவிடுகிற நமக்கு இது புரியாத சங்கதி அல்ல.

பசிபிக் தீவுகளில் கதை வேறு மாதிரி. அங்கே ஜப்பானியச் சிப்பாய்கள் காந்த வெடியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்து டாங்கியின் பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள். மரத்தில் காந்தம் ஒட்டாது. ஆகவே அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்கள் பலகைகளை அறைந்தார்கள். 1945-ல் ஐவோ ஜீமாவில் மேல் மூடிகளின்மீது வெடியை வைக்காதிருக்க, ஆணிகளை நுனி மேலாக நிறுத்திப் பற்றவைத்தவர்களும் உண்டு.

நம்மவர்களும் ஷெர்மனில் போனார்கள். 1945 மார்ச்சில் பர்மாவில் மெய்க்டிலாவைப் பிடித்த படையில் இந்திய டாங்கிப் படை இருந்தது. புரோபின்ஸ் ஹார்ஸ், ராயல் டெக்கான் ஹார்ஸ் என்ற பழைய குதிரைப் படைகள் அதில் குதிரைக்குப் பதில் ஷெர்மன் ஏறிச் சென்றன. அங்கே ஜப்பானியச் சிப்பாய் ஒருவன் குழிக்குள் ஒரு விமானக் குண்டை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, கையில் கல்லோடு உட்கார்ந்திருப்பான். டாங்கி தலைக்குமேல் வரும்போது கல்லால் அடித்து வெடிக்கச் செய்ய வேண்டும். எந்தப் பலகையும் மூட்டையும் அதற்குப் பரிகாரமாகாது. கூடவே நடந்து வந்த காலாட்படையின் கண்கள்தான் பரிகாரம்.

பர்மாவுக்குப் போனவற்றில் பல, ஐந்து கார் என்ஜின்களை ஒன்றாகக் கோத்து உள்ளே வைத்த வகை. அந்தப் பெரிய என்ஜினுக்காக உடம்பைப் பதினோரு அங்குலம் நீட்டியிருந்தார்கள். சாதாரண ஷெர்மன் மாடலிலிருந்து அதைச் செய்ய வேண்டுமானால் உடம்பை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, எட்டு மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கை நடுவில் சேர்த்து, சக்கரங்களை இடம் மாற்ற வேண்டும். மெய்க்டிலாவுக்கும் சும்மா அலமாரியில் நிற்கிற டாங்கிக்கும் தூரம் எட்டு மில்லிமீட்டர்! இந்த எட்டு மில்லிமீட்டருக்காக ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்தால் அவரைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குண்டில் எரிந்த ஷிஜுவோகாவில் பிறந்த கம்பெனி, எந்தச் சிப்பாயைத் தடுக்க அந்தப் பலகையை அறைந்தார்களோ அந்தச் சிப்பாயின் தேசத்தில், ஷெர்மனையும் அச்சில் வார்த்து உலகத்துக்கு விற்றது. சரித்திரம் இம்மாதிரி வேடிக்கைகளை ஓசைப்படாமல் செய்கிறது.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு, வலுவான ஆட்சேபம். யுத்தத்தைப் பொம்மையாக்கி, அலமாரியில் வைத்து அழகு பார்ப்பது சரியா? எரிந்த எண்ணெயின் நாற்றம் மாடலில் இல்லை. உள்ளே ஐந்து பேர் கத்தியது இல்லை. துருவையும் சேற்றையும் வர்ணத்தால் தீட்டி ரஸிக்கிறபோது, அந்தச் சேற்றில் கிடந்தவனை மறந்துவிடுகிறோமே? இதை மறுத்துப் பேச முடியாது. அழகாக வர்ணம் பூசிப் புத்தம் புதிதாக நிற்கிற டாங்கி, யுத்தத்தைப் பற்றிய பொய்தான். பொம்மைக் கடைகள் அந்தப் பொய்யைத்தான் விற்கின்றன.

ஆனால் மணல் மூட்டையைச் சேர்க்கிறவர் அந்தப் பொய்யைத் திருத்துகிறார் என்பது என் கட்சி. டாங்கியின் இரும்பு இத்தனை அங்குலம், பீரங்கி இத்தனை மில்லிமீட்டர் என்பதெல்லாம் தொழிற்சாலையின் பெருமை. அதன்மேல் கட்டிய மரக்கட்டையும் ஒட்டிய சங்கிலியும் அந்தப் பெருமையை நம்பாத மனிதர்களின் வாக்குமூலம். அவர்களில் அநேகர் நாட்குறிப்பு எழுதினவர்கள் அல்லர். ஊருக்குத் திரும்பிய பிறகும் பலர் வாய் திறக்கவில்லை. பயந்தோம் என்று சொல்ல எந்தச் சிப்பாய்க்கு வாய் வரும்? மூட்டையை அடுக்கியபோது யாரோ ஒருவர் புகைப்படம் எடுத்தார். அவர்களுடைய பயம் அதில் பதிந்துவிட்டது. எத்தனையோ வருஷம் கழித்து, எந்தத் தேசத்திலோ ஒருவர் பூதக் கண்ணாடியை வைத்து அந்தப் படத்தில் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அவர் பட்டியைப் பிசைந்து விரல் நுனியளவு மூட்டைகள் உருட்டுகிறார். ஈரமாக இருக்கும்போதே மெல்லிய துணியை அழுத்திச் சாக்கின் நெசவைப் பதிக்கிறார். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து அமுங்கும்படி அடுக்குகிறார். கடைசியில், தேர்ந்தவர்கள் இன்னொரு காரியமும் செய்வதுண்டு. சக்கரங்களின் வில்களைக் கொஞ்சம் வெட்டித் தாழ்த்தி ஒட்டுகிறார்கள். நிஜத்தில் அத்தனை மூட்டைகளின் பாரத்தில் டாங்கி அந்த அளவுக்குத் தாழ்ந்திருந்தது. மாடலில் அது ஒரு மில்லிமீட்டர் கூட இராது. கண்காட்சியில் பார்க்கிற நூறு பேரில் ஒருவர் கவனித்தால் அதிகம். கவனிக்கிற அந்த ஒருவருக்கு, அது தாழ்ந்து நிற்பதன் காரணத்தை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.